அருங்காட்சியகக் கூடத்தில் விடுபட்ட பால்புதுமையினர் வரலாற்றை மீட்டெழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோரைக் குறிக்க எல்ஜிபிடிக்யூ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பால்புதுமையினரின் வரலாறு அருங்காட்சியகங்களில் கண்ணில் படாததற்குப் பொருள்கள் இல்லாமை பெரும்பாலும் காரணமன்று. பொருள் கண்ணாடிப் பேழைக்குள்ளேயே இருக்கும். அருகிலுள்ள விவரப்பலகையிலும் அலுவலகப் பதிவேட்டிலும்தான் அந்தச் செய்தி இருக்காது. விடுபடல் எழுத்தில் நிகழ்ந்திருப்பதால், அதைச் சரிசெய்யும் வேலையும் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு கூடத்தை மீளாய்வு செய்வதில் தொடங்கி, புதிய விவரப்பலகைகளை எழுதி, அவை நிலைத்து நிற்கச் செய்வது வரையிலான படிகளைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிரிட்டனைச் சேர்ந்தவை. அங்கே இந்தப் பணி வெளிப்படையாக நடந்திருக்கிறது. சரியாக அமைந்ததும் பிசகியதும் பொதுவெளியில் பதிவாகியிருக்கின்றன. காப்பாட்சியர், தன்னார்வ வழிகாட்டி, மாணவர் ஆகிய மூவருக்குமே இது பயன்படும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது படிகளின் வரிசையில்தான். ஏழாவதாகச் செய்ய வேண்டியதை முதல் நாளே கையில் எடுத்துவிடுகிறார்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். முழு அருங்காட்சியகத்தையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்பவர்கள் ஊரறிந்த பெயர்களின் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். பேரரசர்களையும் ஓவியர்களையும் எவரும் தேடிப் பிடித்துவிடலாம். பெயரில்லாத படைவீரனும் பணிப்பெண்ணும் ஒரு கூடத்தை முழுமையாகப் படிக்கும்போது மட்டுமே வெளிப்படுவார்கள்.

வந்த பொருள்களை எண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டையும், ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பொருட்கோப்புகளையும் பார்க்க எழுத்துவழி அனுமதி பெறுங்கள். விவரப்பலகை என்பது பல கைகள் சுருக்கிச் சுருக்கி வந்த கடைசி வடிவம். நன்கொடையாளரின் கடிதம், வாங்க மறுத்த குறிப்பு, பழைய காப்பாட்சியர் ஓரத்தில் எழுதிய ஐயம் எல்லாம் கோப்பில்தான் இருக்கும்.

அந்த நாட்டின் சட்டக் காலவரிசையை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தை எடுத்துக்கொண்டால், 1533-இல் வந்த சட்டம் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு மரண தண்டனை விதித்தது. அந்தக் குற்றத்துக்காகக் கடைசியாக இருவர் தூக்கிலிடப்பட்டது 1835-இல். மரண தண்டனை நீங்கியது 1861-இல். 1885-இல் வந்த திருத்தம் குற்றத்தின் எல்லையை விரிவாக்கியது. 1967-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிறைந்த ஆண்கள் தனியிடத்தில் இணங்கிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றாயிற்று. ஒரு கடிதத்தின் தேதியை இந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டால்தான், எழுதியவர் எதைத் தாளில் எழுதத் துணிந்திருக்க முடியும் என்பது புரியும்.

அருங்காட்சியகத்தின் மௌனத்துக்கும் காலவரிசை உண்டு. 1988-இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த 28-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’த் தடைசெய்தது. ஸ்காட்லாந்தில் 2000-ஆம் ஆண்டு வரையிலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரையிலும் அது நீடித்தது. நகராட்சிப் பணத்தில் நடந்த அருங்காட்சியகம் ஒன்றில் அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட பலகைகளை இதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். கூடத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் பொருள்கள் இருந்தால், 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவையும் அதே பக்கத்தில் சேருங்கள். தன்பாலினத்தவருக்கிடையே இணக்கத்தோடு நிகழும் உறவை இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவிலிருந்து விலக்கியது 2018 செப்டம்பரில்தான்.

கடைசியாக, உடன் படிக்க ஒருவர் வேண்டும். தனியாகப் படிப்பவர் எங்கும் காண்பார், அல்லது எங்குமே காணமாட்டார்.

2. தேடாமல் படியுங்கள்

முதல் சுற்றில் பால்புதுமையினர் எவரையும் தேடாதீர்கள். கூடத்திலுள்ள எல்லா விவரப்பலகைகளையும் எழுத்துப் பிசகாமல் படியெடுத்து, மனிதர்களுக்கிடையிலான உறவைச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அடிக்கோடிடுங்கள்: மனைவி, கணவர், காதலி, நெருங்கிய தோழி, உடன் வசித்தவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன சான்று தரப்பட்டிருக்கிறது என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆண்-பெண் இணைகளையும் விடாமல் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘மனைவி’ என்ற சொல்லுக்கு எந்தப் பலகையும் சான்று தருவதில்லை. தரும்படி எவரும் கேட்பதுமில்லை. இந்தப் பட்டியல் கையில் இல்லாவிட்டால், பின்னர் ‘உறுதியான ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வி வரும்போது, அந்தக் கேள்வி ஒரு தரப்பிடம் மட்டுமே கேட்கப்படுகிறது என்பதை உங்களால் காட்ட முடியாது.

ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் தலைச்சிற்பம் உள்ள கூடத்தில் இதைச் செய்து பாருங்கள். கி.பி. 130-இல் அன்டினோஸ் என்ற இளைஞன் நைல் நதியில் மூழ்கி இறந்ததும், ஹேட்ரியன் அவன் பெயரில் ஒரு நகரை எழுப்பினார், அவனைத் தெய்வமாக்கினார். அவனுடைய சிலைகள் பேரரசு முழுவதும் பரவின. இத்தனைக்குப் பிறகும் ‘பேரரசரின் அன்புக்குரியவன்’ என்ற மழுப்பலோடு நின்றுவிடும் பலகைகள் உண்டு. அதே வேளையில், உலகின் மிகப் பெரிய அதிகாரம் படைத்த ஒருவருக்கும் அவர் ஆட்சிக்குட்பட்ட ஓர் இளைஞனுக்கும் இருந்த உறவு இது என்பதும் பலகையில் இடம்பெற வேண்டும். மறைக்காமல் எழுதுவது என்றால் மெருகேற்றி எழுதுவது என்று பொருளல்ல.

3. பதிவேட்டில் பழைய சொற்களால் தேடுங்கள்

கணினிப் பட்டியலில் இன்றைய சொற்களைத் தட்டி, விடை வராததைக் கண்டு, ‘எங்கள் சேகரிப்பில் எதுவுமில்லை’ என்று முடிவெடுப்பது மிகப் பரவலான தவறு. பதிவை எழுதியவர் 1890-இல் எழுதியிருந்தால், அவருடைய சொற்களில்தான் தேட வேண்டும்: ஒழுக்கக்கேடு, இயற்கைக்கு மாறானது, வேடமிட்டவர், பிரம்மச்சாரி, உற்ற நண்பர். குற்றப் பதிவு, நாடு கடந்து வாழ்ந்தமை, உயிலில் உறவினர் அல்லாத ஒருவருக்குச் சொத்து ஆகிய மூன்றும் நல்ல தடயங்கள்.

பெண்களைத் தேடும் வழி வேறு. பிரிட்டனில் பெண்களுக்கிடையிலான உறவை எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை. எனவே நீதிமன்ற ஆவணங்களில் அவர்கள் மிகக் குறைவு; அவர்கள் கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் உயில்களிலும் ஒரே வீட்டு முகவரியிலும்தான் கிடைப்பார்கள். நீதிமன்றப் பதிவுகளை மட்டும் நம்பித் தொடங்கும் மீளாய்வு ஆண்களின் வரலாறாகவே முடியும்.

4. பொருள் வந்த வழியை எழுதுங்கள்

பொருள் எதைக் காட்டுகிறது என்பதோடு நிற்காமல், அது எப்படிச் சேகரிப்புக்கு வந்தது, எத்தனை காலம் மறைத்து வைக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1865-இல் காமம் சார்ந்தவை என்று கருதிய பொருள்களுக்காக ‘செக்ரீட்டம்’ என்ற பூட்டிய சேகரிப்பை ஏற்படுத்தியது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தின் இரகசிய அறை நீண்ட காலம் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்து 2000-ஆம் ஆண்டில்தான் பொதுமக்களுக்கு நிலையாகத் திறந்தது. பூட்டிய அறையில் இருந்த காலமும் பொருளின் வரலாறுதான்.

இதற்கு மிகச் சிறந்த பாடம் வாரன் கிண்ணம். ஏறத்தாழ 11 செ.மீ. உயரமுள்ள வெள்ளிக் கிண்ணம் அது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பான்மைக் கருத்து. இரண்டு பக்கங்களிலும் ஆண் காதலர் இணை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் கதவைச் சற்றே திறந்து ஓர் அடிமைச் சிறுவன் உள்ளே பார்க்கிறான். அந்தக் கதவருகே உள்ள முகத்தை அநேகர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். எட்வர்ட் பெரி வாரன் என்ற சேகரிப்பாளர் 1911-இல் இதை வாங்கினார். 1953-இல் அமெரிக்கச் சுங்கத்துறை இதை நாட்டுக்குள் விடவில்லை. 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் வாங்க முன்வரவில்லை. அதே அருங்காட்சியகம் 1999-இல் 18 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது.

கிண்ணத்தில் மாற்றமில்லை, பார்த்தவர்களின் துணிவு மாறியிருக்கிறது. நல்ல விவரப்பலகை இரண்டையும் சொல்லும். இந்தக் கிண்ணம் பிற்காலப் போலியாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் ஐயுற்றிருப்பதையும் சொல்லும். நமக்குப் பிடித்த பொருள் என்பதற்காக ஐயங்களை விழுங்கிவிட்டால், பலகையின் மற்ற வரிகளையும் எவரும் நம்பமாட்டார்கள்.

5. சான்றை எடைபோடுங்கள், எல்லோருக்கும் ஒரே படிக்கல்லால்

புதியவர்கள் இரண்டு திசைகளில் வழுக்குகிறார்கள். ஒரு சாரார் கட்டிப்பிடித்த உருவங்கள் எல்லாவற்றையும் காதலராக்கிவிடுகிறார்கள். மறு சாரார் படுக்கையறைச் சாட்சி கிடைக்கும்வரை வாய் திறப்பதில்லை. இரண்டையும் தவிர்க்கச் சான்றுகளை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: அந்த மனிதரே எழுதியது அல்லது சொன்னது, அவரை அறிந்தவர்கள் அக்காலத்திலேயே பதிவுசெய்தது, பிற்காலத்தவர் ஊகித்தது. எந்த அடுக்கில் நிற்கிறீர்கள் என்பது பலகையின் வாக்கிய அமைப்பிலேயே தெரிய வேண்டும்.

முதல் அடுக்குக்கு ஆன் லிஸ்டர். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் மாளிகையில் வாழ்ந்த இவர் 1791 முதல் 1840 வரை வாழ்ந்தவர். ஏறத்தாழ ஐம்பது லட்சம் சொற்கள் கொண்ட இவருடைய நாட்குறிப்புகளில் ஆறில் ஒரு பங்கு சங்கேத எழுத்தில் உள்ளது. பெண்கள் மீதான தம் காதலை அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். 1890-களில் அந்த மாளிகையின் வாரிசான ஜான் லிஸ்டரும் நண்பர் ஒருவரும் சங்கேதத்தை உடைத்தார்கள். படித்ததும் எரித்துவிடும்படி நண்பர் சொன்னார். ஜான் லிஸ்டர் எரிக்காமல் சுவர்ப்பலகைக்குப் பின்னே மறைத்து வைத்தார். 2011-இல் யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டில் அவை சேர்க்கப்பட்டன. இவருடைய பலகையில் ‘இருந்திருக்கலாம்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது அடுக்குக்கு எலினோர் பட்லரும் சாரா பொன்சன்பியும். அயர்லாந்தில் குடும்பங்களை விட்டு 1778-இல் ஒன்றாக வெளியேறி, 1780 முதல் வேல்ஸின் லாங்கோலன் ஊரில் ஒரே வீட்டில் வாழ்ந்து, 1829-இல் பட்லர் இறக்கும்வரை பிரியாதிருந்தார்கள். அவர்களுக்கிடையே உடலுறவு இருந்ததா என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. இந்த இடத்தில்தான் இரண்டாம் படியில் தயாரித்த பட்டியலை எடுக்க வேண்டும். அக்காலத்து மணமக்கள் எவரிடமும் நாம் அந்தச் சான்றைக் கேட்கவில்லை. ஒன்றாக வெளியேறினார்கள், ஒரே படுக்கையைப் பகிர்ந்தார்கள், அரை நூற்றாண்டு ஒரே வீட்டை நடத்தினார்கள், அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும். ‘நல்ல தோழிகள்’ என்று எழுதுவதும் ஊகம்தான். ஊகத்திலும் சற்று வசதியான ஊகம்.

மூன்றாவது அடுக்கு எகிப்தின் சக்காராவில் 1964-இல் கண்டெடுக்கப்பட்ட நியான்க்நும், க்நும்ஹோட்டெப் ஆகிய இருவரின் கல்லறை. ஐந்தாம் அரசமரபுக் காலத்தில் அரண்மனை நகப்பராமரிப்பாளர்களின் மேற்பார்வையாளர்களாக இருந்த இவ்விருவரும் மூக்கோடு மூக்கு தொடும்படி அணைத்து நிற்கிறார்கள். சகோதரர்கள், இரட்டையர்கள், காதலர்கள் என்று மூன்று கருத்துகளும் அறிஞரிடையே உண்டு; இருவரின் மனைவி மக்களும் அதே சுவர்களில் இருக்கிறார்கள். இங்கே மூன்று கருத்துகளையும் அவற்றின் காரணங்களோடு தர வேண்டும். ‘சகோதரர்கள்’ என்பதைப் பெரிய எழுத்திலும் மற்றதை அடிக்குறிப்பிலும் போடுவது நடுநிலை ஆகாது.

6. அந்தச் செய்தி பொருளை விளக்குகிறதா என்று கேளுங்கள்

சான்று இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எல்லாப் பலகையிலும் எழுதத் தேவையில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டால், ‘தேவையில்லாத தனிவாழ்க்கை’ என்று ஒதுக்கப்படுவது பல நேரங்களில் அந்தப் பொருளின் முதன்மைக் காரணமாகவே இருப்பது தெரியும்.

டார்செட்டில் உள்ள கிங்ஸ்டன் லேசி மாளிகையைப் பாருங்கள். தோட்டத்தில் எகிப்தின் ஃபிலே தீவிலிருந்து வந்த கல்தூண் நிற்கிறது. உள்ளே ஸ்பானிய அறையில் வெனிஸ் மாளிகை ஒன்றிலிருந்து வந்த பொன்பூச்சு விதானம் உள்ளது. இவற்றைச் சேர்த்த வில்லியம் ஜான் பேங்க்ஸ், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1833-இல் ஒரு படைவீரரோடு பிடிபட்டு வழக்கில் விடுவிக்கப்பட்டார். 1841-இல் மீண்டும் பிடிபட்டபோது, சொத்துகள் பறிபோகாமலிருக்க அவற்றைச் சகோதரர்கள் பெயருக்கு மாற்றிவிட்டு நாட்டைவிட்டுத் தப்பினார். 1855-இல் வெனிஸில் இறந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில், தான் திரும்பி வந்து வாழ முடியாத அந்த வீட்டுக்கு, அளவுகளையும் வரைபடங்களையும் அறிவுரைகளையும் கடிதத்தில் எழுதி, பளிங்கையும் மரச்செதுக்கல்களையும் கப்பலேற்றிக்கொண்டே இருந்தார்.

ஒரு பாடத்துக்காக நானே எழுதிய இரண்டு பலகைகளை ஒப்பிடுங்கள். முதலாவது: ‘இத்தாலியில் வசித்தபோது வில்லியம் பேங்க்ஸ் இந்த வேலைப்பாடுகளைச் செய்வித்து அனுப்பினார்.’ இதில் பொய் எதுவுமில்லை. இரண்டாவது: ‘ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமாக இருந்த காலத்தில் கைதாகி, 1841-இல் நாடு துறந்த வில்லியம் பேங்க்ஸ், இனித் தம்மால் வாழ முடியாத இந்த வீட்டுக்காக இவற்றை இத்தாலியில் செய்வித்து அனுப்பினார்.’ ஒருவர் தூர தேசத்திலிருந்து கடிதத்தாலேயே ஒரு வீட்டை ஏன் அலங்கரித்தார் என்ற கேள்விக்கு இரண்டாவது மட்டுமே விடை சொல்கிறது. முதலாவது அடக்கமான வரியாகத் தெரிந்தாலும் வரலாறாகக் குறைபட்டது.

2017-இல் இந்த மாளிகையை நிர்வகிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுக் காப்பு அறக்கட்டளை, பேங்க்ஸ் வாழ்ந்த காலத்தில் இத்தகைய உறவுக்காகத் தூக்கிலிடப்பட்ட 51 ஆண்களை நினைவுகூர்ந்து 51 கயிறுகளை நுழைவு மண்டபத்தில் தொங்கவிட்டது. பேங்க்ஸ் செல்வர் என்பதால் தப்ப முடிந்தது. 51 பேரால் முடியவில்லை. கூடத்தின் நாயகர் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அதே சட்டம் ஏழைகளை என்ன செய்தது என்பதையும் சேர்த்தால்தான் காலம் முழுமையாகத் தெரியும்.

7. சொற்களை இப்போது தேர்ந்தெடுங்கள்

சொல்லைப் பற்றிய விவாதத்தில் பணியைத் தொடங்குபவர்கள் அதைவிட்டு வெளியே வருவதேயில்லை. சான்றும் பொருத்தமும் முடிவான பிறகே சொல்லுக்கு வர வேண்டும். அப்போது பெரும்பாலான சொற்கள் தாமாகவே அமைந்துவிடும்.

செயலை எழுதுங்கள், அடையாளப் பெயரை அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ‘இருவரும் ஈஸ்டர் நாளில் இந்தத் தேவாலயத்தில் நற்கருணை பெற்றுத் தங்கள் இணைப்பை உறுதிசெய்தனர்’ என்ற வரி எந்தக் காலத்திலும் பழசாகாது.

யார்க் நகரின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நடந்தது இதற்குச் சரியான எச்சரிக்கை. ஆன் லிஸ்டரும் ஆன் வாக்கரும் 1834-இல் இணைந்த அந்த இடத்தில் 2018-இல் வைத்த நினைவுத்தகடு, லிஸ்டரைப் பாலின வழமைகளுக்கு உட்படாத தொழில்முனைவர் என்றது. பெண்களை நேசித்ததைத் தம் கையாலேயே எழுதிய ஒருவரின் தகட்டில் ‘பெண் தன்பாலீர்ப்பாளர்’ என்ற சொல்லை விட்டது ஏன் என்று ஆயிரக்கணக்கானோர் முறையிட்டார்கள். 2019-இல் வந்த புதிய தகடு அவரைப் பெண் தன்பாலீர்ப்பாளர், நாட்குறிப்பாளர் என்கிறது. எவரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதிய பொதுச்சொல்லே உரியவரை விட்டுவிட்டது.

பாலினம் பற்றிய பதிவுகளில் வேறு வகைக் கவனம் தேவை. 1865-இல் இறந்த படைமருத்துவர் ஜேம்ஸ் பேரி, தம் வயதுவந்த வாழ்வு முழுவதும் ஆணாகவே வாழ்ந்து, பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனைகளின் தலைமை ஆய்வாளர் நிலைவரை உயர்ந்தவர். 1826-இல் கேப்டவுனில் தாயும் சேயும் பிழைத்த சிசேரியன் அறுவைச் சிகிச்சையைச் செய்தவர். பிறப்பில் பெண் என்பது இறந்த பின்னரே வெளியில் பரவியது. ‘ஆண் வேடமிட்ட பெண்’ என்று எழுதுவது, அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாமே தீர்மானிப்பதாகும். அவர் வாழ்ந்த பெயரைத் தலைப்பில் வைத்து, அறியப்பட்ட செய்திகளை வரிசைப்படி தந்து, அவரை இன்றைய வாசகர்கள் எவ்வாறெல்லாம் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள்.

8. பலகையை மாட்டுமுன் உரியவர்களிடம் பேசுங்கள்

இறந்து நூற்றாண்டுகள் ஆனவர்களைப் பற்றி எழுதுவதும், அவரோடு உணவருந்தியவர்கள் இன்னும் உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுவதும் ஒன்றல்ல.

நார்ஃபோக்கின் ஃபெல்பிரிக் மாளிகையை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச்சென்ற வரலாற்றாசிரியர் ராபர்ட் விண்டம் கெட்டன்-க்ரீமர் 1969-இல் இறந்தார். தம்மைப் பற்றி அவர் பொதுவெளியில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. 2017-இல் வெளியிட்ட ஒரு குறும்படத்தில் டிரஸ்ட் அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தது. அவரை அறிந்தவர்கள் வருந்தினார்கள். அதோடு, பால்புதுமையினருக்கு ஆதரவைக் காட்டும் வானவில் நிறக் கழுத்துப்பட்டியும் வில்லையும் அணிய மறுத்த தன்னார்வலர்கள் பார்வையாளர் முன் பணியாற்ற வேண்டாம் என்று சொல்லப்பட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அணிவது அவரவர் விருப்பம் என்று டிரஸ்ட் மாற்றிக்கொண்டது.

மௌனம் காப்பது மட்டுமே மரியாதை என்ற முடிவுக்கு இதிலிருந்து நான் வரவில்லை. அந்த மௌனத்தையும் அவர்மேல் சுமத்தியது அவர் காலத்துச் சட்டம்தான். ஆனால் வரிசை தவறியது தெளிவு. அவரை அறிந்தவர்களோடும் வீட்டைக் காத்துவந்த தன்னார்வலர்களோடும் சான்றுகளை வைத்து முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். வில்லை அணிவதை விசுவாசச் சோதனையாக்கியதால், மாளிகையின் வரலாற்றைப் பற்றி நடக்க வேண்டிய பேச்சு வில்லையைப் பற்றியதாகிவிட்டது.

இன்று வாழும் பால்புதுமையினரையும் வரைவு நிலையிலேயே அழைத்துப் படித்துக் காட்டுங்கள். அச்சிட்ட பிறகு கருத்துக் கேட்பது சடங்கு. எதையும் மாற்ற மனம் வராது. அவர்கள் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள்.

9. எதிர்ப்பு வருமுன் விடையை எழுதி வையுங்கள்

முறையீடு வரும் நாளில் பதிலை யோசிக்கும் நிறுவனம் பெரும்பாலும் பொருளை எடுத்துவிடும். வாஷிங்டனில் தேசிய உருவப்படக் கூடம் தன்பாலீர்ப்பைக் கருவாகக் கொண்டு 2010-இல் நடத்திய கண்காட்சியில் கலைஞர் டேவிட் வோய்னரோவிச்சின் காணொளி ஒன்று இடம்பெற்றது. அதில் சிலுவையின்மேல் எறும்புகள் ஊரும் சில விநாடிகளைச் சமய அமைப்பு ஒன்றும் அரசியலர் சிலரும் கண்டித்ததும், நவம்பர் 30 அன்று காணொளி அகற்றப்பட்டது. அகற்றியதால் அமைதி வரவில்லை. கண்டனம் மறுபக்கத்திலிருந்து பன்மடங்காக வந்தது, நிதியளித்த அறக்கட்டளை ஒன்று இனி நிதி தரமாட்டோம் என்று எச்சரித்தது.

எனவே மூன்று தாள்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்: ஒவ்வொரு பலகைக்கும் சான்று எங்கே உள்ளது என்ற குறிப்பு, நுழைவுப் பணியாளர் சொல்ல வேண்டிய இரண்டு மூன்று எளிய வாக்கியங்கள், முறையீட்டை யார் எத்தனை நாளில் ஆராய்வார் என்ற நடைமுறை. மூன்றிலும் இயக்குநரின் கையொப்பம் இருக்கட்டும். திட்டு வாங்குபவர் வாசலில் நிற்கும் ஊழியர் என்பதால், பயிற்சியும் அவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

சட்டம் எதிராக உள்ள நாட்டில் இதை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. ஹங்கேரியில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தன்பாலீர்ப்பைச் சிறார்களுக்குக் காட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2023-இல் தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த உலகப் பத்திரிகைப் புகைப்படக் கண்காட்சியில், பிலிப்பைன்ஸின் முதிய பால்புதுமையினரைக் காட்டும் படங்கள் இருந்ததால் 18 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. நவம்பரில் இயக்குநர் பதவி நீக்கப்பட்டார். இத்தகைய இடங்களில் வழக்கறிஞரின் கருத்தை ஒன்றாம் படியிலேயே பெறுங்கள். பணியாளர் ஒருவருக்கு ஆபத்து நேரும் என்றால் பலகை காத்திருக்கலாம். பதிவேட்டில் எழுதுவது காத்திருக்க வேண்டாம்.

10. பதிவேட்டில் எழுதிப் பூட்டுங்கள்

பெரும்பாலான முயற்சிகள் ஒரு மாதக் கண்காட்சியோடு கரைந்துபோவது இந்தப் படியை விட்டுவிடுவதால்தான். பலகை கழற்றப்பட்டதும் அடுத்த காப்பாட்சியர் கையில் மிஞ்சுவது பதிவேடு மட்டுமே. புதிய தகவல், அதன் சான்று, எழுதிய தேதி, தேடலுக்கான இன்றைய சொற்கள் ஆகிய நான்கையும் பொருளின் சேர்க்கை எண்ணோடு இணைத்து எழுதுங்கள். பழைய பதிவை அழிக்காதீர்கள். முன்னர் எப்படி எழுதினோம் என்பதற்கு அது ஆவணம்.

பொருளே இல்லாத இடங்களையும் பதியுங்கள். மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-இல் பெர்லினில் நிறுவிய பாலியல் ஆய்வு நிலையத்தை 1933 மே 6 அன்று நாஜி ஆதரவு மாணவர்கள் சூறையாடினார்கள். அதன் நூலகத்தின் பெரும்பகுதி நான்கு நாள் கழித்து நகரின் நடுவே எரிக்கப்பட்டது. அந்தக் காலத்தைக் காட்டும் கூடத்தில் பேழை வெறுமையாக இருந்தால், அது ஏன் வெறுமை என்று ஒரு பலகை சொல்லட்டும்.

பிறகு சேகரிக்கத் தொடங்குங்கள். பெர்லினில் 1985-இல் தோன்றிய ஷ்வூலஸ் அருங்காட்சியகம் போன்றவை பால்புதுமையினர் தாமே காத்துவைத்த துண்டறிக்கைகள், கடிதங்கள், புகைப்படங்களால் வளர்ந்தவை. நன்கொடைப் படிவத்தில் மூன்று கேள்விகள் கட்டாயம் வேண்டும்: கொடுப்பவரின் பெயரை வெளியிடலாமா, படத்தில் உள்ள மற்றவர்களின் சம்மதம் உண்டா, எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பொதுப்பார்வைக்கு வைக்கலாம். குடும்பத்துக்குத் தெரியாமல் காத்துவைத்த கடிதக்கட்டு ஒன்றைக் கொண்டுவருபவர் மூன்றாவது கேள்விக்கு நேரமெடுத்துக்கொள்வார். அவசரப்படுத்தாதீர்கள், படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கொடுங்கள், பின்னாளில் மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்பதையும் அதிலேயே அச்சிட்டு வையுங்கள்.